காலைப் பாலுக்கும் மாலைப் பாலுக்கும் நடுவில் ஓர் அருங்காட்சியகம்

கேள்வி-பதில் பகுதிக்கு வந்த கடிதங்களைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தேன். கத்தரியில் காய்த்துளைப்பான், தென்னையில் சுருள் வெள்ளை ஈ, நெல்லில் குலைநோய் என்று வழக்கமான கேள்விகள். நடுவில் ஒரு சகோதரி எழுதிய கடிதம் மட்டும் வேறு மாதிரி இருந்தது. சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: "எங்களுக்கு இரண்டு ஏக்கர் நிலமும் இரண்டு கறவை மாடுகளும் இருக்கின்றன. மகன் எட்டாம் வகுப்பு, மகள் ஐந்தாம் வகுப்பு. லீவில் எங்கேயாவது மியூசியத்துக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார்கள். மாட்டை விட்டுவிட்டு ஒரு நாளுக்கு மேல் வெளியே தங்க முடியாது. மாமியாரை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்று இருக்கிறோம். செலவு செய்து போவதால் பிள்ளைகளுக்குப் பலன் உண்டா? எப்படித் திட்டமிடுவது?"

பூச்சிமருந்து அளவு கேட்டால் நாலு வரியில் பதில் எழுதிவிடுவேன். இந்தக் கேள்விக்கு அப்படி எழுத முடியவில்லை. இதில் நான் ஒரு முறை தோற்றிருக்கிறேன். இன்னொரு முறை, என்னையும் மீறி நல்லபடியாக நடந்திருக்கிறது. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் தோற்ற கதை. 2006-ஆம் ஆண்டு. உறவினர் திருமணத்துக்காகச் சென்னைக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நான்கு. மறுநாள் ஒரு பகல் பொழுது கையில் இருந்தது. எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். 1851-இல் தொடங்கப்பட்டது. பதினாறு ஏக்கருக்கு மேற்பட்ட வளாகம், ஆறு கட்டடங்கள், நாற்பதுக்கும் அதிகமான காட்சிக்கூடங்கள். இவ்வளவு தூரம் வந்தாயிற்று, ஒன்றையும் விடக்கூடாது என்று முடிவு செய்தேன். மகள் கையில் நோட்டுப் புத்தகத்தையும் பேனாவையும் கொடுத்து, பார்ப்பதையெல்லாம் எழுதச் சொன்னேன். சிலைகள், செப்புத் திருமேனிகள், நாணயங்கள், பாடம் செய்த பறவைகள், திமிங்கல எலும்புக்கூடு என்று ஒவ்வொரு கூடமாக இழுத்துக்கொண்டு நடந்தேன். மதியம் சாப்பாடு தள்ளிப்போனது. மூன்று மணிக்கு மகன் தரையிலேயே படுத்துத் தூங்கிவிட்டான். மகள், "அப்பா, இன்னும் எத்தனை ரூம் இருக்கு?" என்று கேட்டாள். நான் கோபப்பட்டேன். என் மனைவி ஒன்றும் பேசாமல் மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே போய் மரநிழலில் உட்கார்ந்துவிட்டார்.

ஊருக்கு வந்ததும் என் அம்மா பேத்தியிடம், "என்னத்தாப் பார்த்தே?" என்று ஆசையாகக் கேட்டார். மகள் சொன்னாள்: "அங்கே வாசல்ல ஒரு பூனை மூணு குட்டி போட்டிருந்துச்சு அப்பத்தா." அவ்வளவுதான். அந்த நோட்டுப் புத்தகம் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. நாலு பக்கம் எழுதி, ஐந்தாம் பக்கத்தில் பூனை படம் வரைந்திருக்கிறாள்.

தவறு அருங்காட்சியகத்தில் இல்லை, பிள்ளைகளிடமும் இல்லை. மண் ஆய்வுக்கு மாதிரி எடுக்கும்போது நாம் என்ன செய்கிறோம்? வயல் முழுவதையும் வாரிக்கொண்டா போகிறோம்? அங்கங்கே சில இடங்களில் 'வி' வடிவத்தில் குழி வெட்டி, மண்ணைச் சுரண்டி எடுத்து, கலந்து, கால்பங்கு கால்பங்காகக் கழித்து, கடைசியில் அரைக் கிலோ மட்டும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புகிறோம். அந்த அரைக் கிலோ மொத்த வயலைப் பற்றியும் சொல்லிவிடுகிறது. இதை ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுத்த நானே, என் பிள்ளைகள் தலையில் வயல் முழுவதையும் ஏற்றப் பார்த்திருக்கிறேன்.

இது எனக்கு உறைத்தது பல வருடம் கழித்துத்தான். விவசாயிகளைக் கண்டுணர்வு சுற்றுலா அழைத்துப்போவது எங்கள் துறையில் வழக்கம். நானும் எத்தனையோ பேருந்துகள் நிறைய அழைத்துப் போயிருக்கிறேன். சும்மா ஊர் பார்க்க வந்தவர் மதியச் சாப்பாட்டுக்குப் பின் கண்ணயர்ந்துவிடுவார். "என் கிணத்துத் தண்ணி உப்பு, அதுக்கு எந்த ரகம் தாங்கும்?" என்று ஒரே ஒரு கேள்வியை மடியில் கட்டிக்கொண்டு வந்தவர் கடைசி வரை விழித்திருப்பார். திரும்பி வந்து அதைச் செய்தும் பார்ப்பார். பெரியவர்களுக்கே அப்படி என்றால் பிள்ளைகளுக்குச் சொல்லவா வேண்டும்?

இனி இரண்டாவது கதை. இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

எங்கள் ஊர் சிவகங்கை மாவட்டத்தில் கண்மாய்ப் பாசன ஊர். நான் படித்து உத்தியோகத்துக்கு வந்துவிட்டேன். தம்பி நிலத்தைப் பார்த்துக்கொள்கிறான். அவனுக்கு ஒரு மகன், ஒரு மகள். 2023-இல் மகன் எட்டாம் வகுப்பு, மகள் நான்காம் வகுப்பு. அப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. காலில் வலி வந்து வயலுக்குப் போவது நின்றதிலிருந்து திண்ணையிலேயே இருப்பார். பேச்சும் குறைந்துபோயிற்று.

அந்த வருடம் தம்பி ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு, மகன் பள்ளியில் கொடுத்திருந்த ஒரு படிவத்தின் நகலைக் காட்டினான். தந்தை தொழில் என்ற இடத்தில் பையன் 'பிசினஸ்' என்று எழுதியிருந்தான். தம்பி கோபப்படவில்லை. "விவசாயம்னு எழுத அவனுக்கு என்ன கூச்சமோ, விடுண்ணே" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

பையனைக் கூப்பிட்டு அறிவுரை சொல்ல என்னால் முடியும். மேடை மேடையாக அதைத்தானே சொல்கிறேன்! ஆனால் வாய் வரவில்லை. கல்லூரி விடுதியில் சேர்ந்த புதிதில், "உங்க அப்பா என்ன பண்றார்?" என்று கேட்டவர்களிடம் நான் "ஊர்ல இருக்கார்" என்றுதான் சொல்வேன். வேளாண்மை படிக்கப் போன இடத்தில், அப்பா விவசாயி என்று சொல்லக் கூசியவன் நான். என் மகனும் இப்போது சென்னையில் கணினி வேலையில் இருக்கிறான். எந்த முகத்தோடு தம்பி மகனுக்குச் சொல்வது?

அந்தக் கோடை விடுமுறையில்தான் பிள்ளைகள் கீழடி பார்க்க வேண்டும் என்றார்கள். அருங்காட்சியகம் அந்த ஆண்டு மார்ச் 5-ஆம் தேதிதான் திறக்கப்பட்டிருந்தது. சரி, போவோம் என்றேன். அப்பாவை அழைத்துப்போகும் எண்ணம் எனக்கு இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மெதுவாக நடப்பார், பிள்ளைகளுக்குத் தாமதமாகும் என்று நினைத்தேன். அவரும், "காட்சிச்சாலைக்கெல்லாம் நான் எதுக்கு, மாட்டை யார் பார்க்கிறது?" என்றார். தம்பி மனைவிதான் விடவில்லை. "மாமாவை விட்டுட்டுப் போறதுன்னா நானும் வரலை" என்று சொல்லிவிட்டார். பக்கத்து வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டச் சொல்லி ஏற்பாடு செய்ததும் அவர்தான்.

இந்த முறை கொஞ்சம் யோசித்துத் திட்டம் போட்டோம். காலைப் பாலைக் கறந்து சொசைட்டியில் ஊற்றிவிட்டு ஏழரைக்குக் கிளம்புவது. மாலைப் பாலுக்கு வீடு திரும்பிவிடுவது. போக வர நேரம் போக, உள்ளே இரண்டு மணி நேரம். புளிச்சோறும் தண்ணீரும் வீட்டிலிருந்தே. திருப்புவனம் வரை பேருந்து, அங்கிருந்து ஆட்டோ. நாங்கள் போனபோது நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 15 ரூபாய். பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு.

நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளவில்லை. பேருந்தில் போகும்போது பிள்ளைகளிடம் ஒரே ஒரு வேலைதான் கொடுத்தேன்: "நம்ம வீட்டிலயோ வயல்லயோ இருக்கிற பொருள் மாதிரியே அங்கே மூணு கண்டுபிடிக்கணும். கண்டுபிடிச்சிட்டா கிளம்பிடலாம்."

முதலில் கண்டுபிடித்தது சின்னவள். பானை ஓட்டை வட்டமாகத் தேய்த்துச் செய்த சில்லுகளைப் பார்த்ததும், "பெரியப்பா, பாண்டி விளையாடுற சில்லு!" என்று கூவினாள். அவள் சொன்னது சரிதான். அகழாய்வில் சுடுமண் ஆட்டக்காய்களும் இத்தகைய வட்டச் சில்லுகளும் நிறையக் கிடைத்திருக்கின்றன. இரண்டாவதும் அவள்தான். பானை ஓடுகளில் தமிழி எழுத்தில் பெயர்கள் கீறியிருக்கும். 'ஆதன்' என்ற பெயர் அதில் ஒன்று. விளக்கத்தைப் படித்துச் சொன்னேன். "நம்ம வீட்டுத் தூக்குவாளியில அப்பத்தா பேரு வெட்டியிருக்கே, அது மாதிரியா?" என்றாள். எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன். இப்படி எனக்குத் தோன்றியதில்லை. பாத்திரக் கடையில் பெயர் வெட்டச் சொல்லி நிற்கும் நம் வழக்கமும், பானையில் பெயர் கீறிய அவர்கள் வழக்கமும் ஒரே ஆசையிலிருந்து வந்ததுதானே?

பையன் ஒன்றும் பேசாமல் பின்னால் வந்துகொண்டிருந்தான். அப்பா சுடுமண் உறை இருந்த இடத்தில் நின்றுவிட்டார். குச்சியை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு யாரிடம் என்றில்லாமல் பேசினார். "மணல் பாங்கான இடத்துல கிணறு தோண்டினா பக்கம் சரியும். அதுக்குத்தான் உறை. உறையை மேல வச்சுட்டு, உள்ளே ஆள் இறங்கி அடியில சுத்தி மண்ணைப் பறிக்கணும். பறிக்கப் பறிக்க அது தன் பாரத்துல இறங்கும். ஒரு பக்கமாப் பறிச்சா சாஞ்சிரும். சாஞ்சுதோ, கிணறு போச்சு. நான் இறக்கினதெல்லாம் சிமென்ட்டு உறை. இது சுட்ட மண்ணு. வேலை ஒண்ணாத்தான் இருந்திருக்கும்."

பையன் கிட்டே வந்தான். "நீங்க இறக்கியிருக்கீங்களா தாத்தா?"

"நம்ம கொல்லைக் கிணறு யாரு இறக்கினது? உங்கப்பன் அப்போ கைப்பிள்ளை."

பக்கத்தில் நகரத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் நின்றிருந்தது. அந்தப் பிள்ளைகளின் அம்மா, "அய்யா, இன்னொரு தடவை சொல்லுங்க, இவங்களும் கேட்கட்டும்" என்றார். அப்பா மறுபடியும் சொன்னார். இப்போது கையையும் அசைத்துச் சொன்னார். ஐந்தாறு பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். என் தம்பி மகன் அவர்களுக்கு முன்னால், தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அடுத்த கூடத்தில் கறுப்பு-சிவப்புப் பானை ஓடுகளைப் பார்த்து அப்பா சாதாரணமாகச் சொன்னார்: "இந்த ஓடு நம்ம மேட்டுப் புஞ்சையில உழும்போது கிளம்பும். கால்ல குத்தும்னு பொறுக்கி வரப்பு ஓரம் எறிவோம்."

பையன் அப்படியே நின்றுவிட்டான். "நம்ம புஞ்சையிலயா?"

அவனுக்கு நான் ஒன்றைக் காட்டினேன். கீழடியில் அகழாய்வுக் குழிகள் தோண்டப்பட்டது கோட்டையிலோ கோயிலிலோ இல்லை, தென்னந்தோப்புகளில். விவசாயிகளின் பட்டா நிலங்களில். 2014-15-இல் மத்திய தொல்லியல் துறை தொடங்கி, பிறகு மாநிலத் தொல்லியல் துறை தொடர்ந்தது. 353 சென்டிமீட்டர் ஆழத்தில், அதாவது ஏறத்தாழ பதினொன்றரை அடியில் எடுத்த மாதிரியின் காலம் கி.மு. 580 என்று 2019-இல் வெளியான அறிக்கை சொல்கிறது. "பதினொன்றரை அடின்னா நம்ம கொல்லைக் கிணத்துல எத்தனை உறை தாத்தா?" என்று பையன் கேட்டான். அப்பா விரல் விட்டு எண்ணினார். இருவரும் அந்தக் கணக்கிலேயே வெளியே வந்தார்கள். முழுவதும் பார்த்து முடிக்கவில்லை. மூன்று பொருள் கிடைத்துவிட்டது, கிளம்பிவிட்டோம். மரத்தடியில் புளிச்சோறு சாப்பிட்டோம். ஐந்து மணிக்கு மாடு கறந்தாயிற்று.

மறுநாள் காலையில் பையன் தாத்தாவைச் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டே மேட்டுப் புஞ்சைக்குப் போயிருக்கிறான். சாப்பாட்டு டப்பாவில் இரண்டு ஓடுகளோடு வந்தான். மேலே கிடந்ததோடு சரி, தோண்டாதே என்று சொல்லி, எந்த இடத்தில் கிடந்தது என்று தாளில் குறித்துக்கொள்ளச் சொன்னேன். அந்தத் தாளோடு பள்ளியில் சரித்திர ஆசிரியரிடம் காட்டினான். இதைப் படிக்கும் உங்களுக்கும் இதுதான்: உழும்போதோ கிணறு வெட்டும்போதோ முதுமக்கள் தாழி, காசு, சிலை என்று எதுவும் தட்டுப்பட்டால் அப்படியே நிறுத்திவிட்டுக் கிராம நிர்வாக அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ சொல்லுங்கள். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டமும் அதைத்தான் சொல்கிறது.

அந்தப் படிவம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அதற்குப் பிறகு வந்த படிவங்களில் அவன் என்ன எழுதினான் என்று தம்பியும் பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு நாளில் மாறிவிடும் கூச்சம் இல்லை அது. எனக்கே முப்பது வருடம் ஆயிற்று. ஆனால் திண்ணையில் அப்பாவின் பக்கத்தில் பையன் உட்கார்ந்து பேசுவதை இப்போது ஊருக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன். அது போதும்.

இனி சகோதரிக்குப் பதில்.

பலன் உண்டு. நம் பிள்ளைகளுக்கு அங்கே மற்றவர்களைவிடக் கூடுதலாகவே தெரியும். ஏர், உறை, தாழி, குலுக்கை, மாட்டு எலும்பு எல்லாம் அவர்கள் புழங்கிய உலகம். அதை அவர்களே கண்டுபிடிக்க விடுங்கள். ஒரே ஒரு கேள்வி கொடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் உள்ளே வேண்டாம். பசிக்கும் முன்பே சாப்பாடு. உள்ளே போனதும் கழிப்பறை எங்கே என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

போகும் முன் வார விடுமுறை எந்த நாள் என்று கேட்டு உறுதி செய்யுங்கள். எழும்பூருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு நாள் இருக்கும். நடவு, அறுவடை நாட்களைத் தவிர்த்து, அறுவடை முடிந்து கை ஓய்ந்த வாரமாகப் பாருங்கள். சாதாரண நகரப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணமில்லை. அதற்கேற்ப வழியைப் போட்டால் செலவு பாதியாகும்.

தொலைவு போகவும் வேண்டாம். கோவைப் பக்கம் என்றால் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சி அருங்காட்சியகம் இருக்கிறது, 2018-இல் திறந்தது. பூச்சி என்றாலே மருந்து அடிப்பது என்று நினைக்கும் நம் வீட்டுப் பிள்ளைகள் அவசியம் பார்க்க வேண்டியது. அதே ஊரில் 1902-இல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகமும் உண்டு. புதுக்கோட்டையில் 1910-இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகம், மதுரையில் 1959-இல் திறந்த காந்தி நினைவு அருங்காட்சியகம், தூத்துக்குடிப் பக்கம் ஆதிச்சநல்லூர் என்று ஒரு நாளில் போய்வரக்கூடியவை பல. அந்தப் பக்கம் போனால் பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லுங்கள்: ஆதிச்சநல்லூர் இருக்கும் அதே மாவட்டத்தில், சிவகளையில் ஒரு தாழிக்குள் கிடைத்த நெல் உமியின் காலம் கி.மு. 1155 என்று ஆய்வில் தெரியவந்தது. ஏறத்தாழ 3,200 வருடம். நாற்றங்காலில் நிற்கும்போது அவர்களுக்கு அது நினைவுக்கு வரட்டும்.

கடைசியாக ஒன்று. மாமியாரை வீட்டில் விட்டுவிட்டுப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வேண்டாம் சகோதரி, அவரையும் கூட்டிப்போங்கள். மெதுவாகத்தான் நடப்பார். பரவாயில்லை, அவர் எங்கே நிற்கிறாரோ அங்கேயே நீங்களும் நில்லுங்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போனால் போதும்.